மூன்று கணினிகள் சேர்ந்தால் ஒரு பெரிய கணினி ஆகுமா?

13ஆம் தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு

வீட்டில் இருக்கும் பழைய கணினிகளை ஒன்றாக இணைத்தால் அவை ஒரு பெரிய, வேகமான கணினியாக மாறுமா? உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருப்பதால் இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். முதலில் கேட்டவர் என் வாப்பா.

என் நானா வீடுகளுக்குப் பென்ட்ரி கபட் வடிவமைத்துக் கொடுப்பவர். கபட் செய்து முடித்த பிறகு சமையலறை எப்படி இருக்கும் என்பதைக் கணினியில் படமாக்கிக் காட்டினால்தான் இப்போது வாடிக்கையாளர்கள் முற்பணம் தருகிறார்கள். அந்தப் படங்களை உருவாக்க அவருடைய கணினிக்கு மணிக்கணக்கில் நேரம் எடுக்கிறது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தோம். 2022ஆம் ஆண்டு ரூபாயின் பெறுமதி விழுந்த பின்னர் கணினிகளின் விலை எங்கே போய் நிற்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அப்போதுதான் வாப்பா கேட்டார்: “ஊட்டுல மூணு கம்பியூட்டர் ஈக்கிதானே மகள். மூணையும் ஒண்டாச் சேத்தா ஒரு பெரிய மெசின் வராதா?”

ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ இதற்கு விடை சொல்ல முடியாது. நாம் செய்யப்போகும் வேலை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து விடை மாறும். இதை விளங்கிக்கொண்டால் வீண் செலவொன்றைத் தவிர்க்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பொருளிலிருந்து பயனும் பெறலாம். பெற்றோரும் வாசிக்கும் மலர் என்பதால் இயன்றவரை இலேசாகவே எழுதுகிறேன்.

கொத்தணி என்றால் என்ன?

கொரோனாக் காலத்தில் ‘பேலியகொடைக் கொத்தணி’ என்று செய்திகளில் அடிக்கடி கேட்டோம். ஒன்றோடொன்று தொடர்புபட்டவற்றின் கூட்டத்தைத்தான் கொத்தணி என்கிறோம். பல கணினிகளை வலையமைப்பு ஒன்றினால் இணைத்து, ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்ய வைத்தால் அது கணினிக் கொத்தணி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேபிளால் இணைத்த மாத்திரத்தில் கணினிகள் வேலையைப் பங்குபோடத் தொடங்கிவிடுவதில்லை. நமது வீடுகளில் வைஃபை மூலம் தொலைபேசிகளும் கணினிகளும் ஏற்கெனவே இணைந்துதான் இருக்கின்றன. ஆனாலும் வாப்பாவின் தொலைபேசி உம்மாவின் தொலைபேசிக்கு உதவி செய்வதில்லை. எந்தப் பகுதியை யார் செய்வது, முடித்த விடையை யாரிடம் கொடுப்பது, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டுமா என்பவற்றை ஒரு மென்பொருள் தீர்மானிக்க வேண்டும். அந்த மென்பொருளும் பங்குபோடுவதற்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கஞ்சிப் பானையின் கணக்கு

ரமழான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அரிசி களைய வேண்டும், தேங்காய் துருவிப் பால் பிழிய வேண்டும், வெங்காயமும் இஞ்சியும் பூண்டும் சீவ வேண்டும். இந்த வேலைகளை ஒருவர் தனியாகச் செய்தால் ஒரு மணித்தியாலம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பானை அடுப்பில் ஒரு மணித்தியாலம் கொதிக்க வேண்டும். மொத்தம் 120 நிமிடங்கள்.

உதவிக்கு இன்னொருவர் வந்தால் ஆயத்த வேலை 30 நிமிடங்களில் முடியும். மொத்தம் 90 நிமிடங்கள். ஆறு பேர் சேர்ந்தால் ஆயத்தம் 10 நிமிடங்கள், மொத்தம் 70 நிமிடங்கள். ஊரிலிருந்து 60 பேர் வந்து நின்றாலும் 61 நிமிடங்களுக்குக் குறையாது. பானையைச் சுற்றி எத்தனை பேர் நின்றாலும் அரிசி வேகும் நேரத்திலேதான் வேகும்.

அதாவது, 60 பேர் சேர்ந்தும் வேலை இரண்டு மடங்கு வேகம்கூட ஆகவில்லை. பிரிக்கக்கூடிய பகுதி, பிரிக்க முடியாத பகுதி என எந்த வேலையிலும் இரண்டு இருக்கின்றன. ஆட்களைக் கூட்டும்போது முதலாவது பகுதி மட்டுமே சுருங்கும். இரண்டாவது அப்படியே இருக்கும். இதைக் கணினிகளுக்குப் பொருத்தி 1967ஆம் ஆண்டு எடுத்துக் கூறியவர் ஜீன் அம்டால் என்ற அமெரிக்கக் கணினிப் பொறியியலாளர். அதனால் இதற்கு அம்டாலின் விதி என்று பெயர்.

வாப்பாவின் கேள்விக்கான விடையில் பாதி இந்த விதியிலேயே இருக்கிறது. இணைக்கப்போகும் கணினிகளை எண்ணுவதற்கு முன்னர், செய்யப்போகும் வேலையில் எவ்வளவு கஞ்சி, எவ்வளவு வெங்காயம் என்று பார்க்க வேண்டும்.

சஹனும் சோற்றுப் பார்சலும்

மற்றப் பாதி, கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வேகத்தைப் பற்றியது.

இன்றைய கணினி ஒன்றின் முறைவழியாக்கிக்குள் நான்கு, ஆறு, எட்டு எனப் பல ‘கோர்’கள் இருக்கின்றன. கணக்கைச் செய்பவை அவைதான். அவை எல்லாம் ஒரே நினைவகத்திலிருந்து தரவுகளை எடுக்கின்றன. கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதைப் போன்றது இது. எதிரே இருக்கும் இறைச்சித் துண்டு வேண்டுமென்றால் கையை நீட்டி எடுத்துவிடலாம்.

வெவ்வேறு கணினிகள் அப்படியல்ல. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நினைவகம் இருக்கிறது. இது ஆறு பேருக்கும் தனித்தனியாகச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்து, ஆறு வீடுகளில் உட்கார வைப்பதைப் போன்றது. ஒருவருடைய பார்சலில் இருப்பது இன்னொருவருக்கு வேண்டுமென்றால் ஆள் அனுப்பிக் கேட்டு, அவர் கட்டிக் கொடுத்து, கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இதை எண்களில் பார்ப்போம். பழைய கணினிகளில் இருக்கும் டீ.டீ.ஆர். 3 - 1600 வகை நினைவகத் தட்டு ஒன்று ஒரு செக்கனில் அதிகபட்சம் 12.8 கிகாபைட்டுத் தரவைக் கொடுக்க வல்லது. வீடுகளில் பயன்படுத்தும் கிகாபிட் வலையமைப்புக் கேபிள் ஒரு செக்கனில் அதிகபட்சம் 125 மெகாபைட்டைக் கொண்டுசெல்லும். கிட்டத்தட்ட 100 மடங்கு வித்தியாசம். இன்னும் பழைய, 100 மெகாபிட் வலையமைப்பு என்றால் வித்தியாசம் 1000 மடங்கைத் தாண்டிவிடும். வைஃபை சில வேளைகளில் இதைவிடவும் சுணங்கும். ஓரிடத்திலிருந்து கேட்டு மற்ற இடத்திலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கும் நேரமும் இதனோடு சேர்கிறது.

ஆகவே, அடிக்கடி ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய வேலைகளைப் பல கணினிகளுக்குப் பிரித்தால், வேலை கெதியாக முடிவதற்குப் பதிலாகச் சுணங்கவும் கூடும். காலையில் பார்சலைக் கொடுத்து, மாலையில் வெறும் தாளைத் திருப்பி வாங்கினால் போதும் என்ற வகையான வேலைகளே வீட்டுக் கொத்தணிக்குப் பொருத்தமானவை.

நானாவின் ஒன்பது படங்கள்

இந்த இரண்டு அளவுகோல்களையும் வைத்துக்கொண்டு நானாவின் வேலையைப் பார்த்தோம்.

அவர் பயன்படுத்துவது ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருள். பகலில் அவர் சுட்டியைப் பிடித்துக் கபட்டின் கதவை நகர்த்துகிறார், நிறத்தை மாற்றுகிறார். ஒவ்வோர் அசைவுக்கும் கணினி உடனே பதில் சொல்ல வேண்டும். முந்திய அசைவு முடியாமல் அடுத்தது இல்லை. இது கொதிக்கும் கஞ்சி. மூன்று கணினிகளை இணைத்தாலும் இந்த வேலைக்கு ஒரு நன்மையும் கிடைக்காது.

வடிவமைத்து முடித்த பிறகு, ஒளி எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்று கணக்கிட்டு இறுதிப் படங்களைக் கணினி உருவாக்குகிறது. ஒரு சமையலறைக்கு வெவ்வேறு கோணங்களில் ஒன்பது படங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது படத்தை உருவாக்க நான்காவது படம் தேவையில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி. இது வெங்காயம் சீவும் வேலை. தாராளமாகப் பிரிக்கலாம்.

எங்களிடம் இருந்த மூன்றும் ஒரே வேகமுள்ளவை அல்ல. ஒரு படத்துக்கு நானாவின் கணினி ஏறத்தாழ 30 நிமிடங்களும், நான் படிக்கும் கணினி 45 நிமிடங்களும், வாப்பாவின் கடையிலிருந்து வந்த பழைய கணினி 60 நிமிடங்களும் எடுத்தன. நானாவின் கணினி தனியாகச் செய்தால் ஒன்பது படங்களுக்கும் 270 நிமிடங்கள், அதாவது நாலரை மணித்தியாலம்.

பங்குபோட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆளுக்கு மூன்று படங்கள் என்று சமமாகக் கொடுப்பது. நானாவின் கணினி 90 நிமிடங்களில் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். என்னுடையது 135 நிமிடங்களில் முடிக்கும். கடைக் கணினி முடிக்க 180 நிமிடங்கள் ஆகும். எல்லாவற்றிலும் மெதுவானது முடிக்கும்போதுதான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். ஆகவே மூன்று மணித்தியாலம்.

மற்றது, ஒன்பது படங்களையும் ஒரு வரிசையில் வைத்து, கையில் இருப்பதை முடித்த கணினி வரிசையில் நிற்கும் அடுத்த படத்தை எடுத்துக்கொள்வது. இப்படிச் செய்தால் நானாவின் கணினி நான்கு படங்கள், என்னுடையது மூன்று, கடைக் கணினி இரண்டு என்று பங்கு தானாகவே பிரியும். எல்லாம் 135 நிமிடங்களில் முடியும். அதே கணினிகளாக இருந்தும், பங்குபோடும் விதத்தினால் மட்டும் முக்கால் மணித்தியாலம் மிச்சமாகிறது.

நாலரை மணித்தியால வேலை இரண்டேகால் மணித்தியாலத்தில் முடிந்தது. மூன்று கணினிகள் சேர்ந்து கிடைத்த வேகம் இரண்டு மடங்கு. மூன்று மடங்கு கிடைக்கவில்லை. ஆனால், அடுத்த நாள் காலையில் வாடிக்கையாளரிடம் படங்களைக் காட்ட வேண்டிய ஒருவருக்கு இந்த இரண்டு மடங்கு பெரிய விடயம்.

பகல் வேலை சுணங்குவதற்கு வேறு மருந்து தேவைப்பட்டது. நானாவின் கணினிக்கு இன்னொரு நினைவகத் தட்டு வாங்கிப் போட்டோம். புதிய கணினி ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு.

பணம் கிடைக்காதவர்கள் கட்டிய கணினி

மீக்கணினிகள் ஒரு காலத்தில் பெரும் செலவில், தனியாக வடிவமைக்கப்பட்ட இயந்திரங்களாகவே இருந்தன. பெரிய நிறுவனங்களுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் மட்டுமே அவை கட்டுப்படியாகின. 1994ஆம் ஆண்டு நாசாவின் கொடார்ட் விண்வெளிப் பறப்பு மையத்தில் தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் வேறொரு வழியைக் காட்டினார்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரண இன்டெல் 486 வகை முறைவழியாக்கிகள் 16 ஐ, சாதாரண ஈதர்நெட் வலையமைப்பினால் இணைத்தார்கள். இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் பணிசெயல் முறைமையை அதில் பயன்படுத்தினார்கள். பழைய ஆங்கிலக் காவியம் ஒன்றின் வீரனுடைய பெயரால் அதை பேவுல்ஃப் என்று அழைத்தார்கள். சாதாரண கணினிகளால் கட்டப்படும் இவ்வகைக் கொத்தணிகளுக்கு இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தின் கதை. வில்லியம் ஹார்கிரோவ், ஃபொரெஸ்ட் ஹொஃப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவைச் சூழலியல் பிரதேசங்களாகப் பிரித்து ஒரு வரைபடம் தயாரிக்க விரும்பினார்கள். வெப்பநிலை, மழைவீழ்ச்சி, மண்ணின் தன்மை போன்ற 25 இயல்புகளைக் கொண்டு நிலத்தை வகைப்படுத்த வேண்டும். ஒரு சதுரக் கிலோமீற்றர் கொண்ட சிறு சதுரங்களாக நாட்டைப் பிரித்தபோது 78 இலட்சம் சதுரங்கள் வந்தன. ஒரு கணினியால் தாங்கக்கூடிய வேலையல்ல. புதிய கணினிகளைக் கொண்டு ஒரு கொத்தணி அமைக்க நிதி கேட்டார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

அவர்கள் வரைபடத்தைக் கைவிடவில்லை. அதே ஆய்வுகூடத்தில் புதிய கணினிகள் வந்ததால் ஒதுக்கப்பட்டிருந்த பழைய கணினிகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். 1997இல் அவர்களுடைய கொத்தணி இயங்கத் தொடங்கியது. 2001 அளவில் அதிலிருந்த கணினிகளின் எண்ணிக்கை 130ஐத் தாண்டியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கல் சூப்’ என்ற நாடோடிக் கதையிலிருந்து வந்தது. பசியோடு ஊருக்குள் வந்த ஒருவன் பானையில் தண்ணீரும் ஒரு கல்லும் போட்டுக் கொதிக்க வைக்கிறான். வேடிக்கை பார்க்க வந்த ஊரார் ஒருவர் கரட் கொண்டுவருகிறார், ஒருவர் உப்பு கொண்டுவருகிறார், இன்னொருவர் இறைச்சி கொண்டுவருகிறார். கடைசியில் ஊருக்கே போதுமான சூப் ஆகிவிடுகிறது.

அந்த 130 கணினிகளும் வெவ்வேறு வயது, வெவ்வேறு வேகம். அதனால், முடித்த கணினி அடுத்த பங்கை எடுத்துக்கொள்ளும் முறையிலேயே வேலையைப் பிரித்தார்கள். அந்தச் சதுரங்களைத் தனித்தனியாக வகைப்படுத்தக்கூடியதாக இருந்ததால்தான் பழைய கணினிகள் பயன்பட்டன. அவர்களிடம் முதலில் இருந்தது வரைபடம் என்ற தேவை. கணினிகள் அதன் பிறகே வந்தன. இந்த ஒழுங்கு மாறியிருந்தால் 130 பழைய பெட்டிகள் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கும், அவ்வளவுதான்.

உலகம் முழுவதும் பரந்த கொத்தணி

கணினிகள் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. 1999 மே மாதம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் ‘செட்டி அட் ஹோம்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரேசிபோ வானொலித் தொலைநோக்கி சேகரித்த சமிக்ஞைகளில், வேற்றுலக உயிர்கள் அனுப்பிய செய்தி ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதே நோக்கம். தரவுகளைச் சிறு துண்டுகளாக்கி, விரும்பியவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு இணையத்தினூடாக அனுப்பினார்கள். உரிமையாளர் தேநீர் குடிக்க எழுந்துபோனால், சும்மா இருக்கும் அந்த நேரத்தில் கணினி ஒரு துண்டை ஆராயும். 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் இதில் பங்குகொண்டனர். வேற்றுலகச் செய்தி எதுவும் கிடைக்கவில்லை. 2020 மார்ச் 31உடன் புதிய துண்டுகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும், முன்பின் அறியாத இலட்சக்கணக்கான மக்களின் வீட்டுக் கணினிகள் ஒரே வேலையைச் செய்ய முடியும் என்பது உறுதியானது.

2000ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ இதே வழியில், உடலிலுள்ள புரதங்கள் எவ்வாறு மடிகின்றன என்பதை ஆராய்கிறது. புரதம் பிழையாக மடிவது அல்சைமர் போன்ற நோய்களோடு தொடர்புடையது. கொரோனா பரவிய 2020இல், வீட்டில் அடைபட்டிருந்த மக்கள் தங்கள் கணினிகளை இந்தத் திட்டத்துக்குக் கொடுத்தார்கள். அதன் மொத்த வேகம் ஒரு செக்கனுக்கு ஒன்றுக்குப் பின்னால் 18 பூச்சியங்கள் போட்ட எண்ணிக்கையான கணக்குகளைத் தாண்டியது. அந்நேரம் உலகின் முதலாவது மீக்கணினியாக இருந்த சம்மிட்டின் வேகத்தைவிட இது பல மடங்கு அதிகம். சம்மிட் இருந்ததும் அதே ஓக் ரிட்ஜில்தான்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பழைய கணினிகளை இணைப்பதால் எவை நடக்கும், எவை நடக்காது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணினி விளையாட்டுகள் வேகமாக ஓட மாட்டா. சூம் வகுப்பு தடைப்படுவது நிற்காது. இணைய இணைப்பின் வேகம் கூடாது. கடிதம் தட்டச்சு செய்வதோ கணக்குப் பதிவதோ விரைவாகாது. இவற்றுக்காக எவராவது கணினிகளை இணைத்துத் தருவதாகச் சொன்னால் பணம் கொடுக்க வேண்டாம். பழைய கணினி சுணங்கினால், வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போடுவது, நினைவகத்தைக் கூட்டுவது, இலகுவான லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவுவது ஆகியவையே அதற்கு வழி.

முப்பரிமாணப் படங்கள், அசைவூட்டல் காட்சிகள், நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஒரே விதமாகத் திருத்துவது, பெரிய கணக்கொன்றைப் பல எண்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது போன்றவற்றுக்குக் கொத்தணி பயன்படும்.

மின்கட்டணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 100 வாற்று இழுக்கும் நான்கு பழைய கணினிகள் பத்து மணித்தியாலம் ஓடினால் நான்கு அலகுகள் செலவாகும். நமது நாட்டில் பாவிக்கும் அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடுகிறது. நாள் முழுவதும் ஓட வேண்டிய வேலை என்றால், நான்கு பழையவற்றைவிட ஒரு புதியதே நீண்ட காலத்தில் இலாபமாகலாம். எப்போதாவது ஓட்டும் வேலைக்கு மட்டுமே பழையவை இலாபம். எல்லாவற்றையும் ஒரே மல்ட்டி பிளக்கில் மாட்டிவிட்டு நித்திரைக்குப் போவதும் நல்லதல்ல.

இன்னொன்று, அனுமதி. வேறொருவருடைய கணினியின் சக்தியை அவருக்குத் தெரியாமல் பயன்படுத்துவதும் எடுத்தலே. இணைய நாணயங்களைத் தேடுவதற்காக மற்றவர்களின் கணினிகளில் இரகசியமாகப் புகுந்து வேலை வாங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே உங்கள் கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தால் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.

மாணவிகளுக்கு

நான் கணினியின் மூடியைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக்கு வந்த மாமி ஒருவர், “பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த ஸ்க்ரூடிரைவர்?” என்று கேட்டார். உம்மா சொன்ன பதில்: “கேக் அடிக்கிற மெசின் பழுதானா நான் களட்டிப் பாக்கிறல்லயா? அது போலதான்.” திறந்து பார்ப்பதற்கு ஒரு பழைய கணினி கிடைப்பது பெரிய வாய்ப்பு. புதியதைத் திறக்க எந்த வீட்டிலும் விடமாட்டார்கள்.

தொடங்குவதற்கு அதிகம் தேவையில்லை. இரண்டு கணினிகள், பாடத்தில் ஆளி என்று நாம் படிக்கும் ஸ்விட்ச் ஒன்று, இரண்டு வலையமைப்புக் கேபிள்கள் போதும். இரண்டிலும் ஒரே லினக்ஸ் பதிப்பை நிறுவுங்கள். ஒரே பயனர் பெயரைக் கொடுங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கட்டுப்படுத்த எஸ்.எஸ்.எச். என்ற வசதியை இயக்குங்கள். கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறுவதற்கு எம்.பி.ஐ. என்ற நியமம் 1994 முதல் இருக்கிறது. அதற்குரிய மென்பொருள்கள் இலவசம். பைதன் மொழியிலிருந்தும் அவற்றைப் பயன்படுத்தலாம். எம்.பி.ஐ. ஒவ்வொரு செயன்முறைக்கும் 0, 1, 2 என்று ஓர் இலக்கம் கொடுக்கும். 0ஆம் இலக்கத்தை வேலை பிரித்துக் கொடுப்பவராக வைத்துக்கொண்டு மற்றவற்றை வேலை செய்பவர்களாக வைக்கலாம்.

முதற் பயிற்சியாக, பத்து மில்லியனுக்குள் எத்தனை முதன்மை எண்கள் இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். ஒவ்வோர் எண்ணையும் வகுத்துப் பார்க்கும் இலகுவான வழியே போதும். எண்களை ஒரு இலட்சம் வீதம் 100 துண்டுகளாக்குங்கள். பெரிய எண்களை வகுத்துப் பார்க்க அதிக நேரம் பிடிக்கும் என்பதால் துண்டுகள் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் வேலை சமமாக இருக்காது. அதனால் முன்கூட்டியே பங்குபோடாமல், முடித்தவர் அடுத்ததை எடுக்கும்படி செய்யுங்கள். ஒரு கணினியில் எவ்வளவு நேரம், இரண்டில் எவ்வளவு, மூன்றில் எவ்வளவு என்று குறித்து ஒரு வரைபு வரையுங்கள். நேரம் எந்த இடத்துக்குப் பிறகு பெரிதாகக் குறையவில்லை என்பதைப் பார்த்து, அதற்குக் காரணம் கஞ்சியா, பார்சலா என்று யோசியுங்கள்.

விடையைச் சரிபார்க்க நான் உதவுகிறேன்: 664,579. இந்த எண் வந்தால் உங்கள் கொத்தணி ஒரு துண்டையும் தவறவிடாமல் எண்ணி முடித்திருக்கிறது.